ஒரு தடவைக்கு ஒரு குறை

பையை மேல வைக்க வேண்டாம் அண்ணாச்சி, மடியிலேயே இருக்கட்டும். உள்ள அரசாணை இருக்கு. ஒரிஜினல். போன தடவை கண்டக்டர் வாங்கி எஞ்சின் பக்கத்துல போட்டுட்டான், எடுக்கும்போது கவர் ஓரத்துல எண்ணெய். அரசாணையில எண்ணெய் பட்டா யார் பதில் சொல்றது? அவனா சொல்வான்?

நீங்க கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் ஆலடிப்பட்டி விலக்கு. முக்கால் மணி நேரம் இருக்கு. உங்களைப் பார்த்தா படிச்சவர் மாதிரி தெரியுது. கையெழுத்து தமிழ்ல போடுவீங்களா, இங்கிலீஷ்லயா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்.

என் பேர் தெய்வநாயகம். கலெக்டர் ஆபீஸ்ல உதவியாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். கோர்ட், கேஸ், வக்கீல் நியமனம், இந்தக் காகிதமெல்லாம் என் சீட்டுக்குத்தான் வரும். கலெக்டர்கள் எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. சீட் அதேதான், நானும் அதேதான். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை. விசாரிச்சுப் பாருங்க. அப்படிப்பட்டவனை ஒரு பொம்பளை ரெண்டு வருஷமா இந்த பஸ்ல அலைய விட்டுக்கிட்டிருக்கா. அதைத்தான் சொல்ல வர்றேன்.

அரசு வக்கீல் எப்படி வர்றார்னு உங்களுக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. ஒரு கொலை நடந்துபோச்சு. கோர்ட்டுல செத்தவன் பக்கம் யார் பேசுறது? அவன் வீட்டு ஆளுங்க வச்ச வக்கீல் பேச முடியாது. அரசாங்கத்தோட வக்கீல்தான் பேசணும். பி.பி.ன்னு சொல்வோம். அவருக்கு ஏழு வருஷம் தொழில் அனுபவம் இருக்கணும். மாவட்ட நீதிபதியைக் கலந்துக்கிட்டு கலெக்டர் ஒரு பேனல் தயாரிப்பார். பேனல்னா பெயர்ப் பட்டியல். அதுலேர்ந்து அரசாங்கம் ஒருத்தரை எடுக்கும். முன்னாடி இருபத்திநாலாவது பிரிவு, இப்போ புதுச் சட்டத்துல பதினெட்டுன்னு மாத்திட்டாங்க. நம்பர்தான் மாறிச்சு. சட்டத்துல கலெக்டர் தயாரிப்பார்னு இருக்கு. கலெக்டருக்கு ஏது நேரம்? தயாரிக்கிறது நான். அவர் கையெழுத்துப் போடுவார்.

போன முறை நான் அனுப்புன பட்டியல்ல அஞ்சு பேர். மூணாவது பேர் ராமபத்திரன். அவரைத்தான் எடுத்தாங்க. நல்ல குரல் வளம். அவருக்கு எல்லாக் காகிதமும் சரியா இருந்துச்சு.

அப்புறம் தை மாசம், பொங்கல் கழிஞ்ச முதல் திங்கக்கிழமை. திங்கக்கிழமை எங்களுக்குக் குறைதீர் நாள், கூட்டம் கோயில் மாதிரி இருக்கும். அந்தக் கூட்டத்துல இந்தம்மா வந்து நின்னா. பேர் சுடலி. அம்பது வயசு இருக்கும், ஒல்லி உடம்பு. கையில மனு. ஆலடிப்பட்டிக்காரி. மகன் கனிராஜ், கல் குவாரியில எடைமேடையில நின்னு லாரிக்கு எடை போடுறவன். லாரியில அளவுக்கு மேல கல்லு போகுதுன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டானாம். அடுத்த வாரம் டிப்பர் லாரி பின்னாடி வந்து ஏறிடுச்சு. ஏத்தச் சொன்னது முதலாளின்னு கேஸ். லோடு ஏத்துற பொன்னையான்னு ஒருத்தன் பார்த்திருக்கான். அவன்தான் முக்கிய சாட்சி.

"சார், இப்ப இருக்க அரசு வக்கீலு குவாரிக்காரருக்கு பத்து வருசமா கேசு பாத்தவரு. அவரே எம்மவனுக்கும் பேசுனா எப்படி சார்? எங்களுக்கு வேற வக்கீல் போடணும்"னு சொன்னா.

எனக்கு இது புது விஷயம். நெசமாத்தான் சொல்றேன். பேனல் படிவத்துல யார் யாருக்கு ஆஜரானார்னு கேட்க கட்டம் கிடையாது அண்ணாச்சி. பிறந்த தேதி இருக்கு, பதிவு எண் இருக்கு, வருமான வரி இருக்கு. இதுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் எங்க போய் எழுதுறது?

சட்டத்துல வழி இருக்குன்னு நான்தான் சொன்னேன். ஒரு குறிப்பிட்ட கேசுக்கு மட்டும் தனியா சிறப்பு அரசு வக்கீல் போடலாம். பத்து வருஷ அனுபவம் வேணும். அவளும் ஆளைப் பார்த்துத்தான் வந்திருந்தா. எஸ்தர்னு ஒரு பெண் வக்கீல். பதினோரு வருஷமா தொழில்ல இருக்கு. குவாரிக்காரங்க பேரைக் கேட்டாலே மத்த வக்கீலுங்க கோட்டைக் கழட்டிடுவாங்க, இந்தப் பொண்ணு சரின்னு ஒத்துக்கிட்டிருக்கு.

"உட்காரும்மா, பார்ப்போம்"னு சொன்னேன். மனுவைப் படிச்சேன். முதல் வரியிலேயே குறை. 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு'ன்னு எழுதியிருக்கா. வக்கீல் விஷயத்தை ஆட்சித் தலைவர் பார்க்க முடியாது. மாவட்ட நடுவர்தான் பார்க்கணும். 'மாவட்ட நடுவர் அவர்களுக்கு'ன்னு எழுதணும்.

"அவரு எங்க சார் இருக்காரு?"ன்னு கேட்டா.

"இவரேதான்மா. ஆனா அது வேற பதவி."

"அதே ஆளா?"

"அதே ஆள்தான்."

"அதே நாக்காலியா?"

"அதே நாற்காலிதான்மா, ஆனா மனு வேற. திருத்திட்டு அடுத்த திங்கக்கிழமை வா."

இதுல என்ன தப்பு சொல்லுங்க. இப்போ ஒரு தொழில் ரகசியம் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. நான் சேர்ந்த புதுசுல சங்கரலிங்கம்னு தலைமை எழுத்தர் இருந்தார். அவர் வகுத்த முறை. மனுவுல நாலு குறை இருந்தா நாலையும் ஒரே நாள்ல சொல்லக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு குறை. ஏன்னா, குறை சொல்லித் திருப்பிக் குடுத்துட்டா காகிதம் மனுதாரர் கையில இருக்கு, நம்ம கையில இல்லை. மாசக் கடைசியில நிலுவைப் பட்டியல் எடுப்பாங்க பாருங்க, யார் மேஜையில எத்தனை கோப்பு தூங்குதுன்னு. அப்போ நம்ம மேஜை சுத்தமா இருக்கும். மறுபடி வரும், மறுபடி திருப்பலாம். மனுதாரருக்கும் நல்லதுதான். நாலையும் சேர்த்துச் சொன்னா பாவம் குழம்பிப் போவாங்க.

அடுத்த வாரம் வந்தா. தலைப்பு சரி. வக்கீலோட சம்மதக் கடிதம் இல்லை. திருப்பினேன். ஒரு மாசம் கழிச்சு கடிதத்தோட வந்தா. பதிவுச் சான்று நகல்ல அதிகாரி கையெழுத்து இல்லை. திருப்பினேன். வாங்கிட்டு வந்தா. பத்து வருஷம் தொடர்ச்சியா தொழில் பண்ணுனதுக்கு வக்கீல் சங்கத்துச் சான்று வேணும்னேன். நடுவுல அந்த எஸ்தருக்குக் குழந்தை பிறந்து ஆறு மாசம் கோர்ட்டுக்கு வரலைன்னு எனக்குத் தெரியும். ஆறு மாசம் கழிச்சாலும் பத்து தாண்டுதுதான். இருந்தாலும் காகிதத்துல இருக்கணும்ல?

அன்னைக்குத்தான் அந்தம்மா முதல்முதலா குரலை உயர்த்துனா. "ஏன் சார், எம்மவன் செத்தான்னு ஒத்துக்கிட உங்களுக்கு இன்னும் எத்தனை பேப்பரு வேணும்? மொத்தமாச் சொல்லிருங்க, மொத்தமாக் கொண்டாறேன்."

ஆபீஸே திரும்பிப் பார்த்துச்சு. நான் கோபப்படலை. "மொத்தமாச் சொல்ற வழக்கம் இல்லைம்மா"ன்னு அமைதியாச் சொன்னேன். பியூன் சிரிச்சுட்டான். அதுக்கு நான் என்ன பண்ண?

அப்போ ஒரு நாள் குவாரி ஆள் ஒருத்தன் ஸ்வீட் பாக்ஸோட என் வீட்டுக்கு வந்தான். வாசல்லயே நிறுத்திட்டேன். "இந்தக் கோப்புல உங்களுக்குச் சாதகமா ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன், கிளம்பு"ன்னேன். அவன் கும்பிட்டுட்டுச் சொன்னான்: "நீங்க எதுவுமே செய்ய வேண்டாம் சார். எப்பவும் போல வேலை பாருங்க. அதுவே போதும்"னு. பாருங்க அண்ணாச்சி, எதிராளிகூட என் வேலையை மதிச்சான். ஸ்வீட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான்.

கடலை சாப்பிடுறீங்களா? வேண்டாமா. சரி.

ஆகஸ்ட் பதினஞ்சு மைதானத்துல கலெக்டர் கையால எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். எதுக்கு? நிலுவையே இல்லாத சீட். மாவட்டத்துலயே ஒரே ஒரு ஆள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சேன். அடுத்த திங்கக்கிழமை அந்தம்மா வந்து எதிர்ல நின்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தா. கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிப்பா, கையெழுத்தும் போடுவா. "நிலுவைன்னா என்ன சார்?"ன்னு கேட்டா. முடியாம கிடக்குற வேலைன்னு சொன்னேன். "அப்ப எம்மனு?"ன்னா. "அது உன்கிட்டத்தானேம்மா இருக்கு"ன்னேன். உண்மையிலேயே அவ கையிலதான் இருந்துச்சு. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சு போயிருந்துச்சு. புதுசா எழுதிட்டு வரச் சொன்னேன்.

புரட்டாசியில கோர்ட்டுல விசாரணை தொடங்கிடுச்சு. எஸ்தர் போய் நீதிபதிகிட்ட வாய்தா கேட்டிருக்கு. ரெண்டு வாய்தா குடுத்தார். மூணாவது தடவை ஆணை எங்கேன்னார். எங்க இருந்து வரும்? அப்பதான் நான் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி சென்னைக்கே அனுப்புனேன். அதுவரைக்கும் எஸ்தர் ராமபத்திரனுக்குப் பின்னாடி உட்காரலாம், எழுதிக் குடுக்கலாம்னு கோர்ட் அனுமதி குடுத்துச்சு. கேள்வி கேட்க முடியாது. அந்தப் பொண்ணு துண்டுத் துண்டாக் காகிதத்துல கேள்வி எழுதி முன்னாடி நீட்டுமாம். ராமபத்திரன் வாங்கி வாங்கி கோட்டுப் பையில போட்டுக்குவாராம். ஒரு நாள் மதியம் கேன்டீன்ல பில்லுக்குப் பையில கைவிட்டார், அத்தனையும் கீழ கொட்டிச்சாம். ஆபீஸ்ல சொல்லிச் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. லேசா.

அந்தம்மாவைக் கூண்டுல ஏத்தி ராமபத்திரன் ரெண்டு கேள்வி கேட்டிருக்கார். "நீ கனிராஜோட அம்மாவா?" "இது அவன் சட்டையா?" அவ்வளவுதான். அவ மேல பேச ஆரம்பிச்சிருக்கா. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, இறங்கு"ன்னுட்டார். பொன்னையா ஏறி, நான் அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னான். பிறழ் சாட்சின்னு சொல்லிட்டு ராமபத்திரன் உட்கார்ந்துட்டார். போலீஸ்ல முதல்ல என்ன சொன்னேன்னு மடக்கிக் கேட்டிருக்கணும்னு எஸ்தர் அழுதுச்சாம். எனக்கு கோர்ட் விஷயம் தெரியாது. என் வேலை காகிதத்தோட முடிஞ்சுது.

மார்கழியில ஒரு வெள்ளிக்கிழமை தீர்ப்பு. எல்லாரும் விடுதலை. குவாரி ஆளுங்க கோர்ட்டு வாசல்லயே வெடி போட்டாங்க.

செவ்வாய்க்கிழமை அரசாணை வந்துருச்சு.

பார்த்தீங்களா. நான் சொன்னேன்ல வரும்னு. எஸ்தர் பேரு, கேஸ் நம்பரு, எந்த கோர்ட்டு, எல்லாம் முத்து முத்தா இருக்கு. சிறப்பு அரசு வக்கீலா நியமிச்சு ஆணையிடப்படுகிறது. அந்த கோர்ட்டுல அந்தக் கேசுக்கு மட்டும்தான் செல்லும், அப்பீலுக்கெல்லாம் வேற மனு போடணும், அது வேற விஷயம். ஆனா இருபத்தாறு வருஷத்துல நான் அனுப்பி சென்னையிலேர்ந்து வந்த முதல் சிறப்பு நியமனம். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. பியூனை அனுப்பாம நானே நேர்ல கிளம்பிப் போனேன். யார் செய்வா இப்படி?

வீட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தா. "வாங்க சார், உட்காருங்க"ன்னா. உட்கார்ந்தேன். "படிங்க"ன்னா. படிச்சேன். "இன்னொருக்காப் படிங்க"ன்னா. அக்கம்பக்கம் எல்லாம் கூடிட்டாங்க. மூணு தடவை படிச்சேன், நல்ல உரத்த குரல்ல. ஒப்புதல் படிவத்தை நீட்டி, பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மான்னேன்.

அவ அரசாணையை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தா. பார்த்துட்டு, "இதுல ஒரு குறை இருக்கே சார்"ன்னா. "எம்மவன் வயசு இருவத்தி மூணுன்னு போட்டிருக்கு. அவனுக்கு இருவத்தி நாலு. திருத்திட்டுக் கொண்டாங்க."

சரி, நியாயம்தானே. சென்னைக்கு எழுதி, திருத்த ஆணை வாங்க நாலு மாசம். கொண்டு போனேன். "வயசு சரியாருக்கு. கதவு நம்பரு பழசு. பஞ்சாயத்துல மாத்தி ரெண்டு வருசமாச்சு"ன்னா. ஏம்மா, இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டேன். மறுபடி எழுதி மூணு மாசம். கொண்டு போனேன். "நீங்கதான் தெய்வநாயகம்னு எதை வச்சு நம்புறது? அடையாள அட்டை காட்டுங்க"ன்னா. நகல் எடுத்துக் காட்டுனேன். "இதுல அதிகாரி கையெழுத்து இல்லையே சார். திங்கக்கிழமை வாங்க. மத்த நாள்ல நான் பாக்குறதில்ல."

சொல்லுங்க அண்ணாச்சி. இப்படி ஒரு நெஞ்சழுத்தம் இருக்குமா ஒரு பொம்பளைக்கு? எல்லாக் குறையையும் ஒரே நாள்ல சொன்னா நான் ஒரே நடையில முடிச்சுட்டுப் போவேன்ல? மனுஷனை அலைய வைக்கிறதுல என்ன சுகம்? எனக்குச் சர்க்கரை இருக்கு, கால் மரத்துப் போகுது. விலக்குல இறங்கி ரெண்டு கிலோமீட்டர் வெயில்ல நடக்கணும். ஒரு தடவை தண்ணி கேட்டேன். குடுத்தா. அதைச் சொல்லணும், குடுத்தா. ஆனா கையெழுத்துப் போடலை.

பதிவுத் தபால்ல அனுப்புனா ஆள் இல்லைன்னு திரும்பி வருது. வாங்க மறுத்தார்னு எழுதி முடிச்சுரலாம், அதுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். என்னோடது ஒண்ணு. இன்னொண்ணுக்கு அந்த ஊர்ல ஒருத்தன் பேனாவைத் தொட மாட்டேங்கிறான். வி.ஏ.ஓ.கூட நழுவுறார்.

புதுசா வந்திருக்கிற கலெக்டர் சின்ன வயசு. மனுதாரர் ஒப்புதல் இல்லாம கோப்பை மூடக்கூடாதுன்னுட்டார். இப்போ என் நிலுவைப் பட்டியல்ல ஒண்ணு. ரெண்டு வருஷமா ஒண்ணு. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிக்கு அடியிலேர்ந்து எடுத்துட்டேன், பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. துணை வட்டாட்சியர் பதவி உயர்வுக்குப் போன வருஷம் பேனல் போட்டாங்க. என் பேர் இல்லை. எத்தனை பேருக்குப் பேனல் போட்டவன் நான். என்னைவிட ஆறு வருஷம் இளையவன் இன்னைக்கு ஜீப்புல போறான். வர்ற ஒண்ணாம் தேதி மறுபடி பட்டியல். இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். பொண்ணு கல்யாணப் பத்திரிகையில 'உதவியாளர்'னு போடுறதா, 'துணை வட்டாட்சியர்'னு போடுறதா? நீங்களே சொல்லுங்க.

சரி, பொலம்பலை விடுங்க. இப்போ ஒரு நல்ல சேதி. போன வாரம் வி.ஏ.ஓ. போன் பண்ணார். அந்தம்மா கீழ விழுந்துட்டாளாம். வலது பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு இல்லை. பெரியாஸ்பத்திரியில பார்த்துட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்களாம். கண்ணு மட்டும் திறந்திருக்கு, ஆள் அடையாளம் தெரியுதா இல்லையான்னு சொல்ல முடியலைன்னார். எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ராத்திரி சோறு இறங்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. பேச்சு இல்லாதவங்க குறை சொல்ல மாட்டாங்க.

உடம்பு முடியாதவங்க கையெழுத்துக்குப் பதிலா ரேகை வைக்கலாம்னு விதி இருக்கு அண்ணாச்சி. எடுத்துப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன், பக்கம்கூட மடிச்சு வச்சிருக்கேன். இடது கைப் பெருவிரல். இடது பக்கம் அவளுக்கு நல்லா இருக்காம். கடவுள் ஒரு வழியை மூடுனாலும் இன்னொரு பக்கத்தை விட்டு வச்சிருக்கார். திங்கக்கிழமை பார்த்துத்தான் வந்திருக்கேன், அதுலயும் அவ சொன்னதை மீறலை. அட்டை நகல்லயும் அதிகாரி கையெழுத்து வாங்கியாச்சு. இந்தாங்க, பாருங்க. இனி குறைன்னு ஒண்ணு கிடையாது.

ரேகை வைக்கும்போது ஒரு சாட்சி நிக்கணும். அதான். உங்களுக்கு அந்த ஊர் ஆளுங்களோட பழக்கமில்லை, அதனால பயமும் இல்லை. ஒரு நிமிஷ வேலை. பேர், அப்பா பேர், கையெழுத்து. அடுத்த பஸ்ல உங்களை நானே ஏத்தி விட்டுர்றேன், டிக்கெட் என் பொறுப்பு. அவ முகத்தைக்கூட நீங்க பார்க்க வேண்டாம். வி.ஏ.ஓ. சொன்னார், அந்த இடது கையை மட்டும் இறுக்கி மூடி வச்சிருக்காளாம், மக்க மனுஷங்க வந்து தொட்டாலும் திறக்கிறதில்லையாம். அது நோயோட குணம். நான் விரலைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிறேன். நீங்க மை டப்பாவைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்.

அந்தா, ஆலடிப்பட்டி விலக்கு தெரியுது. எழுந்துட்டீங்களா, நல்லது. நான் பார்த்ததுமே நினைச்சேன், நீங்க இந்த மாதிரி ஆள்தான்னு. பையை மட்டும் கொஞ்சம் பார்த்து, மடங்கிடப் போகுது.

அண்ணாச்சி, ஏன் முன்னாடி சீட்டுல போய் உட்கார்றீங்க? இறங்குற வாசல் இந்தப் பக்கம்.